இனிக்கிற தண்ணீர்

தங்கை கொடுத்த தண்ணீர் இனித்தது.

முதல் வாய் இறங்கியதும் அவன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான். வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த அண்ணனுக்குச் சர்க்கரை கரைத்துக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தான். சின்ன வயதிலிருந்தே கேட்காமல் எதையாவது செய்து வைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. ஆனால் சர்க்கரையின் இனிப்பு நாக்கைத் தொட்டதும் தொடாததுமாகப் போய்விடும். இது போகவில்லை. தொண்டையின் பின்பக்கம் மெல்லிய பூச்சாகப் படிந்துகொண்டு, எச்சிலை விழுங்க விழுங்க மறுபடி மறுபடி ஊறியது.

"என்னம்மா கலந்த இதுல?"

"ஒண்ணும் கலக்கலண்ணா. நம்ம போர் தண்ணிதான். நீ போட்டுக் கொடுத்த போர்." அவள் சிரித்தாள். "இந்த மழைக்கு அப்புறம்தான் இப்படி இனிக்க ஆரம்பிச்சுது. தெருவே நம்ம வீட்டுலதான் பிடிச்சுட்டுப் போகுது. உங்க அண்ணன் கைராசிக்காரர்னு எல்லாரும் சொல்றாங்க."

சிரித்தபோது அவள் ஈறுகளைப் பார்த்தான். வெளுத்து, ஊறி, பற்கள் மீது பாதி வரைக்கும் இறங்கியிருந்தன. நெடுநேரம் தண்ணீரில் கிடந்த விரல் நுனிபோல அவற்றில் சுருக்கங்கள் இருந்தன. மாசமாக இருக்கிற பெண்களுக்கு ஈறு வீங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறான். அதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கண்ணை வேறு பக்கம் திருப்பினான்.

அவன் ஆழ்துளைக் கிணற்று மெக்கானிக். பூமியில் துளை போடுவது, மோட்டாரை இறக்குவது, மோட்டார் படுத்துவிட்டால் மேலே இழுப்பது, இதுதான் பிழைப்பு. அப்பா அம்மா போன பிறகு இந்தத் தங்கையைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, கல்யாணச் சீராக இந்த வீட்டு முற்றத்தில் ஒரு போரும் போட்டுக் கொடுத்தவன். அவனுக்கென்று உலகத்தில் இருப்பது அவளும், அவள் மகளும், இனி பிறக்கப் போகிறதும்தான். இன்று அவனை வரச் சொன்னது மாப்பிள்ளை. மோட்டார் முக்குகிறதாம், தண்ணீர் கெட்டியாக வருகிறதாம்.

இரண்டாவது வாயை வைக்கப் போனபோதுதான் மூக்கில் அது ஏறியது. பழுத்து, தோல் வெடித்து, ஈ மொய்க்கத் தொடங்கிய பழத்தின் வாசனை. அதற்கு அடியில், ஒளிந்துகொண்டு, நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தாற்போல ஒரு கூர்மையான நெடி. அவன் கை அப்படியே நின்றது. இந்த வாசனை அவனுக்குப் புதிதில்லை. சட்டையில், வண்டிச் சீட்டில், ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் என்று ஒரு மழைக்காலம் முழுக்க அவனோடு ஒட்டிக்கொண்டு திரிந்த வாசனை இது.

மிச்சத்தைக் கழுவும் தொட்டியில் ஊற்றப் போனான். தங்கை விறுவிறென்று வந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ ஊத்தாதண்ணா."

சொல்லிவிட்டு அவன் எச்சில் பட்ட தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள். குடித்து முடித்தும் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. விளிம்பைச் சுற்றி நாக்கை ஓட்டினாள், மெதுவாக, ஒரு சுற்று முழுக்க. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆலை இருக்கிறது. பெயிண்டையும் பசையையும் கரைக்கிற திரவங்கள் செய்கிறார்கள். செய்து முடித்தபின் தொட்டிகளின் அடியில் ஒரு குழம்பு தங்கும். அதை முறைப்படி அனுப்பி எரிக்க வேண்டும். அதற்கென்று தனி லாரி, தனி முத்திரை, வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்கிற கேள்விகள். சூப்பர்வைசருக்குக் கேள்விகள் என்றால் ஆகாது. ஆலைக்குப் பின்னால் புதருக்குள் கிடந்த ஒரு பழைய போரைக் காட்டி அவனிடம், "இது செத்த போர்தானே?" என்றார்.

துளை போட்டுத் தண்ணீர் வராமல் போனதை இந்தத் தொழிலில் செத்த போர் என்பார்கள். செத்ததற்கு ஊற்றும் கிடையாது, போக்கும் கிடையாது. மேலே விட்டது கீழே கிடக்கும், அவ்வளவுதான். இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நம்பினான், அவனும் நம்பினான். துளை போடுகிற எல்லாரும் அப்படித்தான், தண்ணீர் வருகிற பாதையை மட்டுமே பாதை என்று நினைப்பார்கள். அந்தச் செத்த போரைப் போட்டவனும் அவனேதான். போட்டபோது ஓரிடத்தில் துளையிடுகிற ராடு சட்டென்று பிடிப்பில்லாமல் இறங்கியது. பாறைக்கு நடுவே ஏதோ சந்து. ஈரம் இல்லாத சந்து யாருக்கு வேண்டும் என்று மறந்துவிட்டான். பின்னால் தங்கை வீட்டு முற்றத்தில் துளை போட்டபோதும் ராடு அதேபோல இறங்கியது, இந்த முறை தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது, அவன் தங்கை மகளைத் தூக்கித் தலைக்கு மேல் சுற்றினான். இரண்டையும் சேர்த்து ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. செத்த போரின் வாயில் குழாய் பொருத்தி, மூடி செய்து, பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். தொட்டி தொட்டியாகக் குழம்பு உள்ளே போனபோது மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். "செத்ததுக்கு ஏது சூடு சுரணை" என்று சூப்பர்வைசர் சொல்ல, அவனும் சேர்ந்து சிரித்தான்.

"மச்சான், மேல வந்து பாருங்க," என்று மாப்பிள்ளை மாடிப்படியிலிருந்து கூப்பிட்டார். தண்ணீர்த் தொட்டி மாடியில் இருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. மூடியைத் திருகித் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. தூங்கி எழுந்தவன் பக்கத்தில் நின்று வாயைத் திறந்ததுபோல இருந்தது. தண்ணீர்மீது ஆடை படிந்திருந்தது. பால் ஆடையைவிடத் தடிப்பாக, நடுவில் வெள்ளையாக, ஓரங்களில் இளஞ்சிவப்பாக, நரம்பு ஓடினதுபோல மெல்லிய கோடுகளோடு. தொட்டியின் சுவரில் கை வைத்துப் பார்த்தான். வைத்திருக்கக் கூடாது. கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டதுபோல இருந்தது. வழுவழுப்பு, சூடு, அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்புகிற மெத்து.

கையைக் காற்சட்டையில் தேய்த்தான், தேய்த்தான், தோல் எரிகிறவரை தேய்த்தான்.

"பாசிதான் மாப்ள," என்றான்.

"பாசி பச்சையாதானே இருக்கும்?"

"எல்லாப் பாசியும் அப்படி இருக்காது." வாய் கூசாமல் இன்னொரு பொய்யும் வந்தது. "மோட்டாருக்குள்ள எண்ணெய் இருக்குமில்ல, அத அடைச்சிருக்கிற சீல் போயிருக்கும். எண்ணெய் தண்ணில கலந்தா இப்படித்தான் ஆகும். மோட்டார மேல எடுத்துட்டா சரியாயிடும்."

சொல்லச் சொல்ல அவனுக்கே அது நிஜமாகிக்கொண்டு வந்தது. ஏன் இருக்கக் கூடாது? சீல் போன மோட்டார்கள் எத்தனையோ பார்த்திருக்கிறான். மலை எங்கே, இந்த முற்றம் எங்கே. மோட்டாரை எடுத்து, போன சீலைக் கையில் வைத்துக் காட்டிவிட்டால், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டி வராது. தங்கை அவனை இப்போது பார்க்கிற மாதிரியே என்றைக்கும் பார்ப்பாள். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டிக்குள் விரலை விட்டு ஆடையில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து, தலையைச் சாய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். "நல்லாதான் இருக்கு," என்றார், மோட்டாரைப் பற்றிப் பேசுகிற அதே குரலில்.

அவன் தொட்டியின் மூடியைத் திருகிவிட்டுக் கீழே இறங்கினான்.

முற்றத்தில் மின்சாரத்தைத் துண்டித்தான். ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போருக்கு மேலே இரும்பு முக்காலியை நிறுத்தி, உச்சியில் சங்கிலிக் கப்பியை மாட்டினான். குழாயைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, சங்கிலியை இழுத்தால் ஓராள் நீளத்துக்குச் சற்று அதிகமாகக் குழாய் மேலே வரும்; அந்தத் துண்டைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, அடுத்ததைப் பிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. மாப்பிள்ளை ஒத்தாசைக்கு நின்றார். வானம் மூடிக்கொண்டு வந்தது, மழை வருமா வராதா என்று சொல்ல முடியாத ஒரு மந்தம். காற்று அசையவில்லை. அந்தப் பழ வாசனை முற்றத்தில் இடுப்பளவு நின்றது, குனியும்போதெல்லாம் அதற்குள் முங்கி எழுவதுபோல இருந்தது.

தங்கை மகள் வெளிக்குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பேர். பேச ஆரம்பித்தால் எதிராளி காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். போன தடவை வந்தபோது பூமிக்குள் மோட்டார் இருட்டில் பயப்படாதா என்று கேட்டு அவன் பிராணனை வாங்கியவள். இன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும் "மாமா" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளவில்லை. மூடிய குழாயின் வாயில் தன் வாயை வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏய் வாயாடி, அது இரும்பு. பல்லு போயிடும்," என்றான், விளையாட்டாகச் சொல்லத்தான் பார்த்தான்.

அவள் வாயை எடுத்துத் திரும்பினாள். முன்பல் இரண்டும் இல்லை. விழுகிற வயதுதான் என்று வைத்துக்கொண்டாலும், விழுந்த இடத்தில் புண் இல்லை, குழி இல்லை. ஈறு வழுவழுவென்று மூடிக்கொண்டிருந்தது, முளைக்க இனி ஒன்றும் இல்லை என்பதுபோல. அவள் மறுபடி குழாயைக் கவ்விக்கொண்டாள்.

முதல் துண்டுகள் சுத்தமாகத்தான் வந்தன. கொஞ்சம் துரு, கொஞ்சம் ஈரம். அவனுக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளையிடம் ஏதோ நகைச்சுவைகூடச் சொன்னான். அதற்கடுத்த துண்டில் வெள்ளையாக ஒரு படலம் இருந்தது, சளிபோல, கையுறையில் இழுபட்டு நூலாக நீண்டது. அதற்கடுத்ததில் படலம் விரல் தடிப்பு. அதற்கடுத்ததில் அது குழாயைச் சுற்றி வளையம் வளையமாக, தொண்டைக்குழாயை வெளியே எடுத்து வைத்ததுபோல. கழற்றித் தரையில் போட்டபோது உலோகச் சத்தமே வரவில்லை. சொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

குழாய் சூடாக இருந்தது. பூமிக்கு அடியிலிருந்து வருகிற குழாய் சில்லென்றுதான் இருக்கும், இல்லையென்றால் வெதுவெதுப்பாக. இது காய்ச்சல்காரன் கையைப் பிடித்ததுபோலக் கொதித்தது. கையுறையைத் தாண்டி அந்தச் சூடு உள்ளங்கையில் இறங்கியது. கூடவே ஒரு அதிர்வு. மோட்டார் ஓடும்போது குழாயில் வருகிற அதிர்வு அவனுக்குத் தெரியும், சீரான ஒரு முனகல். இது சீராக இல்லை. விட்டு விட்டு வந்தது. அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். ஃபியூஸ் அங்கேதான் இருந்தது.

"எப்பங்க தண்ணி விடுவீங்க?"

திரும்பினான். கேட் பக்கம் ஆட்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி, எதிர் வீட்டுத் தையல்காரர், இன்னும் யார் யாரோ. வாளியும் கேனும் கையில். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. தண்ணீருக்கு நிற்கிற கூட்டம் பேசாமல் நின்று அவன் பார்த்ததில்லை. முந்திப் போகிறவளைத் திட்டுவதாவது நடக்கும். இவர்கள் போரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லார் உதடும் ஈரமாக, வீங்கி, கொஞ்சம் முன்னால் நீண்டு இருந்தது.

"மோட்டார் ரிப்பேர். இன்னிக்கு வராது. வெளிய வாங்கிக்கங்க," என்றான்.

யாரும் நகரவில்லை. தையல்காரர் மட்டும் கேனைக் கீழே வைத்தார்.

அவன் சங்கிலியை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனான். தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"அம்மா, நான் சொல்றதக் கேளு. இந்தத் தண்ணிய இனிமே குடிக்காத. பிள்ளைக்கும் கொடுக்காத."

"ஏண்ணா?"

இதுதான் நேரம். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில்தான் இருந்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அவனுக்காகக் காத்திருந்தபோது பார்த்த அதே பார்வை.

"மோட்டார் எண்ணெய் கலந்திருக்கும்மா. வயித்துக்கு ஆகாது."

"வேற தண்ணி இறங்க மாட்டேங்குதுண்ணா. கடைல கேன் வாங்கிப் பாத்தோம். குடிச்ச உடனே வாந்தி. பாப்பாவுக்கும் அப்படித்தான். இவனும்." வயிற்றைக் காட்டினாள். "வேற தண்ணி குடிச்சா உள்ள உதைக்கிறான். இதக் குடிச்சா அடங்கிடறான்."

சொல்லிக்கொண்டே புறங்கையைச் சொறிந்தாள். சொறிந்த விரலைப் பார்த்தான். நகம் மடங்கியது. நனைந்த அட்டைபோல மடங்கி, பின்னால் வளைந்து, தோலிலிருந்து பாதி கழன்று தொங்கியது. அவளுக்கு வலிக்கவில்லை. அதைப் பிய்த்து மூலையில் போட்டுவிட்டு மீண்டும் சொறிந்தாள். மூலையில் இன்னும் சில கிடந்தன.

அவன் எழுந்து வெளியே ஓடினான். வாந்தி எடுத்தான். வந்ததெல்லாம் தெளிவான, இனிக்கிற தண்ணீர். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது, அந்தத் தண்ணீரைவிட, அந்த நகத்தைவிட. மூக்கைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றவன் இவன்தான். மோட்டாரை எடுத்ததும் அதைக் காட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, ராத்திரிக்குள் இவர்களை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்துகொண்டான். அவள் முகத்தில் விழிக்க முடியாமல் போனாலும் போகட்டும். சங்கிலியைப் பிடித்தான்.

கனத்தது. மேலே வர வரக் குழாயின் எடை குறைய வேண்டும், இது ஏறியது. முக்காலியின் கால்கள் சிமென்ட்டில் முனகின. மாப்பிள்ளையும் அவனும் சேர்ந்து தொங்கினார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் கீழே ஏதோ ஒன்று பதிலுக்கு இழுத்தது. பலமாக இல்லை. பால் குடிக்கிற கன்றை மடியிலிருந்து இழுத்தால் எப்படி வரும், அப்படி. கொஞ்சம் விடும். மறுபடி பிடித்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை கையுறை போடவில்லை. குழாயைத் தழுவிப் பிடித்த அவர் கையை எடுக்கும்போதெல்லாம் முழங்கைவரை அந்தச் சளி வழிந்தது. அவர் அதை உதறவில்லை. நக்கினார்.

"நக்காதீங்க மாப்ள."

"ம்."

நக்கினார்.

வெளிச்சம் மங்கிவிட்டது. கடைசித் துண்டு. அதன் அடியில்தான் மோட்டார். துளைக்கு உறையாகப் பதித்த கேசிங் குழாயின் வாயில் ஏதோ அடைத்துக்கொண்டு வெளியே வர மறுத்தது. இருவரும் சங்கிலியில் முழு எடையையும் போட்டார்கள். உறிஞ்சுகிற ஒரு நீண்ட சத்தம். பிறகு பிளக்கென்று விட்டது. மோட்டார் காற்றில் வந்து ஆடியது.

மோட்டார் தெரியவில்லை. அதைச் சுற்றி ஒரு பை. இளஞ்சிவப்பாக, தடித்து, ரத்தநாளம்போல நீலக் கோடுகள் ஓடி, உள்ளே இருக்கிற உலோகத்தை இறுக்கிப் பிடித்து, மெதுவாகச் சுருங்கி விரிந்துகொண்டு. அதிலிருந்து சொட்டியது ஒவ்வொரு சொட்டாகச் சிமென்ட்டில் விழுந்து, பரவாமல், உருண்டையாகவே நின்றது. சீல் போயிருக்கும் என்று யாருக்கும் காட்ட இனி எதுவும் இல்லை. பையின் கீழ்ப்பக்கம் வட்டமாகப் பிய்ந்திருந்தது. எதிலிருந்தோ பிய்ந்திருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மோட்டார் இத்தனை நாளும் முக்கியது தண்ணீரை மேலே தள்ளுவதற்காக இல்லை. மேலே வருகிறதற்கு அது குறுக்கே நின்றது. துளையின் தொண்டையில் அடைப்பாக இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் அவன் கையால் பிடுங்கிப் போட்டிருக்கிறான்.

துளைக்குள் சத்தம் கேட்டது. ஆழத்தில். கடக். கடக். கடக்.

ஏறி வந்தது.

"போர் மூடிய எடுங்க," என்றான். "மாப்ள, மூடி. சீக்கிரம்."

மாப்பிள்ளை மோட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பையில் வைத்திருந்தார்.

அவனே மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கேட் திறக்கிற சத்தம். செருப்பில்லாத கால்கள், நிறைய. துளையின் வாயில் அது வந்து நின்றுவிட்டது. வழியவில்லை. விளிம்பைத் தாண்டி அரை உருண்டையாகப் புடைத்து, ஆடை போர்த்தி, லேசாகத் துடித்துக்கொண்டு நின்றது. அதன் சூடு அவன் முழங்காலில் அடித்தது. மூடியை வைக்கக் குனிந்தபோது ஒரு கை அவன் தோளில் பட்டது.

தங்கை.

"அம்மா, கிட்ட வராத. நான்தான்மா." வார்த்தைகள் இப்போது தானாக வந்தன, அடைப்பு எடுத்ததுபோல. "மலைக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரி கழிவு. செத்த போர்னு நினைச்சு நான்தான் உள்ள விட வெச்சேன். எல்லாம் நான்தான். அது விஷம்மா. உன்னையும் பிள்ளையையும் நானே..."

"சரிண்ணா," என்றாள் அவள்.

"விஷம்மா அது."

"சரிண்ணா. கொஞ்சம் தள்ளிக்கோ."

கோபம் இல்லை. அழுகை இல்லை. பஸ்ஸில் வழி கேட்கிற குரல். அவன் மன்னிப்புக் கேட்க நினைத்த தங்கை அந்தக் குரலில் இல்லை. அவனைத் தள்ளக்கூட இல்லை, பக்கத்தில் இடம் பார்த்து மண்டியிட்டாள், வயிறு சிமென்ட்டில் படாமல் கைகளை ஊன்றிக்கொண்டு. மறுபக்கம் வாயாடி ஏற்கெனவே குனிந்திருந்தாள். அவர்களுக்குப் பின்னால் தையல்காரர், பக்கத்து வீட்டுக்காரி, தெரு. யாரும் முண்டியடிக்கவில்லை. வரிசையாக நின்றார்கள்.

தங்கை உதட்டை அதன்மேல் வைத்தாள். ஆடை உள்வாங்கியது. அவள் தொண்டை ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

அவன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். கையில் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. விட்டுவிட்டான். மூடி கையிலிருந்து விழுந்து உருண்டது. வாயோரம் வழிந்ததில் நனைந்த அவளுடைய சேலை வயிற்றோடு ஒட்டியிருந்தது, தோலின் நிறம்வரை தெரிந்தது. அந்த வயிறு கீழே தொங்கிக்கொண்டு, துளையின் பக்கம் மெதுவாக நீண்டது. உதைக்கிறான் என்று நினைத்தான். உதை இல்லை. உள்ளிருந்து உருண்டையாக ஒன்று தோலை நெருக்கித் தேடியது, இடம், வலம், கீழே, துளை இருக்கிற பக்கம் வந்து நின்றது. பிறகு தோலுக்கு அடியில் ஒரு சின்ன வாய் திறந்தது. மூடியது. தாயின் தொண்டை ஏறி இறங்குகிற அதே வேகத்தில், உள்ளிருந்தபடியே தோலைக் கவ்விக் கவ்விச் சப்பிக்கொண்டிருந்தது.